நீலக்கடைக்கு வந்த கேடயம்

கைபேசி விடாமல் கூவியபோது நீலக்கடைக்காரி நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அந்தச் சந்தோஷம் ஆறிப்போகும் என்று அவளுக்கு யார் சொல்வது?

“உங்கள் கடை வழியாகப் பழைய கருவி ஒன்று எங்கள் மறுசுழற்சி ஆலைக்கு வந்து சேர்ந்தது. நன்றி.” இதே வாசகம் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. மேசையில் வைத்த கைபேசி துடித்துத் துடித்து ஓரத்துக்கு நகர்ந்தது.

“மாமா, இங்க பாருங்களேன். நம்ம ஜனங்க பழசையெல்லாம் எப்படி ஒழுங்கா திருப்பி அனுப்பியிருக்காங்க!”

மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து டேப் வெட்டும் கருவியில் புதுச் சுருளை மாட்டிக்கொண்டிருந்தார். “டிக்கெட் வாங்க மாட்டேன்னு ஒருத்தனும் சொன்னதில்லம்மா. கேக்குற விதமா கேக்கணும்,” என்றார். ஆயுளில் பாதியைப் பஸ் கண்டக்டராகக் கழித்தவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அது டிக்கெட்டில்தான் வந்து நிற்கும்.

கடை என்றால் கதவும் கல்லாவும் பெயர்ப்பலகையும் வைத்த கடை இல்லை. இரண்டு அறை வீடு. முன்னறையில் ஒரு மேசை, சுவரை மறைத்து அடுக்கிய அட்டைப் பெட்டிகள். மிச்சமெல்லாம் இணையத்தில். விற்பதும் ஒரே ஒரு சாமான்தான்: மூச்சிரைப்பு வரும் குழந்தைகளுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசர். அவளுடைய மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. அப்போது வாங்கிய கருவி லாரி மாதிரி உறுமும். குழந்தை அதைப் பார்த்து அலறும், அலறினால் இழுப்பு கூடும், கூடினால் மறுபடி கருவி. பெற்றவள் வயிறு எரிந்தது. சத்தம் போடாத கருவி செய்கிற ஒரு தொழிற்சாலையைத் தேடிப் பிடித்து, மேல்மூடியைக் குழந்தை பயப்படாத வான நீலத்தில் போட்டுத் தரச் சொல்லி, தானே விற்க ஆரம்பித்தாள். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கணவன், “உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றான். பிறகு அவனே தன் சம்பளத்தையும் அனுப்பி வைத்தான். கூரியர்காரர்கள் வாயில் அவள் நீலக்கடை அக்கா ஆனாள்.

இந்தத் தடவை துணிந்து, கையில் இருந்தது இல்லாதது எல்லாவற்றையும் போட்டுச் சரக்கு இறக்கியிருந்தாள். அத்தனைக்கும் ஆர்டர் வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பூரித்துப்போனாள். கடையின் உயிர் மொத்தமும் இப்போது வழியில் போய்க்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிகளில் இருந்தது.

நடுவில் சட்டம் ஒன்று வந்திருந்தது. மின்சாமான் விற்கிற எவரும் பழசைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல சட்டம்தான். ஆற்றிலும் குழியிலும் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தெருக்கடைக்காரர் வாசலில் ஒரு தொட்டியை வைத்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாசலே இல்லாத கடைக்காரி தொட்டியை எங்கே வைப்பாள்? இதற்கென்று உற்பத்தியாளர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். சேகரிப்பதும் உடைப்பதும் அவர்கள் செலவு. இணையத்தில் விற்பவர் சந்தா கட்டிச் சேர்ந்துகொண்டால் சங்கம் ‘திரும்பு ஸ்டிக்கர்’ சுருளாக அனுப்பும். அதில் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். வாங்கியவர் புதுசை எடுத்துக்கொண்டு, பழசை அதே பெட்டியில் வைத்து, ஸ்டிக்கரை மேலே ஒட்டிக் கூரியரிடம் கொடுத்தால் சல்லிக் காசு செலவில்லாமல் ஆலைக்குப் போய்விடும்.

நீலக்கடைக்காரி இந்த ஏற்பாட்டை மனசார நம்பினாள். தன் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியும் போட்டாள்: ‘நீங்கள் திருப்பித் தரும் எதுவும் மறுபடி சந்தைக்குப் போகாது. இது உறுதி.’

டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பெட்டிகள் முந்தாநாள்தான் கிளம்பின. புதுசு இன்னும் ஒருவர் கைக்கும் போய்ச் சேரவில்லை. புதுசு போகாமல் பழசு எப்படி வரும்?

அவள் மெல்லத் திரும்பி மேசையைப் பார்த்தாள்.

திரும்பு ஸ்டிக்கர் எப்போதும் மஞ்சளில் வரும். மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அறுவைக்குப் போகலாம் என்றால் அடுத்த மாசம் என்பார். எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரிந்தது. மஞ்சள் உள்ளே, விலாசம் எழுதிய வெள்ளை வெளியே. ஒரு நாளும் பிசகியதில்லை. இந்த முறை சங்கம் சிக்கனம் பிடித்துத் திரும்பு ஸ்டிக்கரையும் வெள்ளையிலேயே அச்சடித்து அனுப்பிவிட்டது. அதனால் அவள் இரண்டு சுருளையும் மேசையின் இரண்டு ஓரத்திலும் வைத்து, “மாமா, இடது கைப் பக்கம் இருக்கறது வெளியே. வலது கைப் பக்கம் இருக்கறது உள்ளே. சரியா?” என்று தொட்டுக் காட்டிவிட்டு, மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று ஓடினாள். திரும்பி வந்தபோது மொத்தத்தையும் கட்டி, ஒட்டி, கூரியர் வண்டியில் ஏற்றியும் அனுப்பிவிட்டு மனிதர் வெற்றிவீரராக உட்கார்ந்திருந்தார்.

அன்று காலை நாற்காலி சுவர்ப் பக்கம் இருந்தது. இப்போது ஜன்னல் பக்கம் இருக்கிறது.

“மாமா, நாற்காலியை எப்ப இந்தப் பக்கம் போட்டீங்க?”

“அன்னைக்கேதாம்மா. நீ போனதும் பாத்தேன், வெளிச்சம் பத்தலை. இந்தப் பக்கம் வந்து உக்காந்தா முதுகுக்குப் பின்னால இருந்து நல்லா விழுது.”

சுருள்கள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. மனிதர் மட்டும் மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்துவிட்டார். இடது வலதாயிற்று. உள்ளே போக வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே. ஒவ்வொரு பெட்டியும் வாங்கியவர் விலாசத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நேராக ஆலைக்குப் போயிருக்கிறது. உடைப்பதற்கு.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஏம்மா, ஏதாச்சும் தப்பாப் போச்சா?”

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வாள்? மனைவி போனபின், வேலையும் போனபின், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கூசிக் கூசி உட்கார்ந்த மனிதர். இந்த மேசைக்கு வந்தபிறகுதான் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்குகிறார்.

“ஒண்ணுமில்ல மாமா. ஒரு சின்ன வேலை. போயிட்டு வந்துடறேன்.”

“நான் ஒட்டினது நேரா இருந்துச்சாம்மா? கூரியர்காரர் சொன்னாரு, அளவு வெச்சு ஒட்டின மாதிரி இருக்குன்னு.”

“நேரா இருந்துச்சு மாமா.”

அது பொய் இல்லை. நேராகத்தான் ஒட்டியிருந்தார்.

பஸ்ஸில் போகும்போதே அழைப்புகள் ஆரம்பித்துவிட்டன. முதலில் ஒரு இளம் தாய். “அக்கா, நெபுலைசர் இன்னைக்குக் காலையிலயே சேரும்னு போன்ல காட்டுச்சு. எங்கக்கா போச்சு? இங்க ஒண்ணும் வரலையே. எங்க பழசு சூடாகி நின்னுடுச்சு. ராத்திரி பூரா பாப்பாவுக்கு இழுப்பு, தோள்லயே போட்டுட்டு நடந்தேன்.”

“வந்துடும்மா. நானே கையில கொண்டாந்து தரேன். வீடு எங்கன்னு சொல்லு.”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால, பச்சை கேட்டு, மாடி. இன்னைக்கு வந்துடுவீங்கல்ல?”

“வந்துடுவேன்,” என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

ஆலை வாசலில் காவலாளி அவளுடைய பையைக் குடைந்து, கைபேசியை எடுத்து, அதன் முதுகில் வட்டமாக ஒரு பச்சைப் பொட்டை ஒட்டினார். “இதைக் கிழிச்சுடாதீங்க. கரண்டுல ஓடற சாமான் எதுவும் பொட்டு இல்லாம இந்த கேட்டைத் தாண்டக் கூடாது. உள்ளே ஒரு பொட்டு போச்சுன்னா வெளியே ஒரு பொட்டு வரணும். அதான் எங்களுக்குக் கணக்கு.”

உள்ளே துணி துவைக்கும் இயந்திரங்களின் உருளைகள் ஒரு குன்றாகக் கிடந்தன. தொலைக்காட்சிகள் முகத்தைத் தரையில் வைத்துக் கவிழ்ந்திருந்தன. கையுறை போட்ட பெண்கள் வரிசையாக நின்று பேட்டரிகளைப் பிடுங்கித் தனித்தனி வாளிகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த பிளாஸ்டிக் வாடை தொண்டையில் போய் ஒட்டியது. கூரையை ஒட்டி நின்ற அரவை எந்திரத்துக்கு ஒரு பெல்ட் ஏறிப்போனது. அந்தப் பெல்ட்டின் அடிவாரத்தில், எடை போட்டு முடித்து, அவளுடைய பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மூலை மடங்காமல், டேப் பளபளக்க, ஸ்டிக்கர் நேராக.

மேற்பார்வை பார்க்கும் அம்மாள் கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். நீலக்கடைக்காரி சொன்னதை முதலில் அவள் நம்பவில்லை. “தெனம் ஒருத்தர் வந்து என் மிக்ஸியைக் குடு, என் போனைக் குடுன்னு நிக்கறாங்கம்மா. வந்தது வந்ததுதான்.”

“ஒண்ணே ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க மேடம். பழசா இருந்தா என்னைச் செருப்பால அடிங்க.”

பேனா முனையால் டேப்பைக் கிழித்தாள். உறை பிரிக்காத வான நீலம். பக்கத்தில் வாங்கியவர் விலாசம் சமர்த்தாக ஒட்டியிருந்தது. அந்த அம்மாளின் கை கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது.

“என் பேரனுக்கு இதான் வாங்கியிருக்கு. சத்தமே வராது,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “ஆனா என் கையில ஒண்ணுமில்லம்மா. முன்னாடி இங்க இருந்தவங்க நல்ல சாமானாப் பொறுக்கி ராத்திரியோட ராத்திரியா வெளியே வித்தாங்க. கம்பெனிக்காரங்களுக்குக் கோவம் வந்துடுச்சு. ‘உடைக்கக் காசு கொடுத்தா எங்களுக்கே போட்டியா கடை போடறீங்களா’ன்னு. அதுல இருந்து கேமரா, கேட்டு, பொட்டு. எடை போட்டது எதுவும் வெளியே போகாது. இரு, சங்கத்துல பேசிப் பாக்கறேன்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே கதை தலைகீழ். பூசாரி இரங்கிவிட்டாள், சாமிதான் மசியவில்லை.

“மேடம், உங்க நிலைமை புரியுது,” என்றார் ஸ்பீக்கரில் சங்கத்துக்காரர். புரிகிறது என்று ஆரம்பிக்கிறவரிடம் எதுவும் பெயராது என்று நீலக்கடைக்காரிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. “ஆனா எங்க ஸ்டிக்கரோட, எங்க தபால் செலவுல, கழிவா வந்திருக்கு. எடை ஏறிடுச்சு. அந்த எடை கம்பெனிங்க அரசாங்கத்துக்குக் காட்டற இந்த வருஷக் கணக்குல சேந்துடுச்சு.”

“சார், அது கழிவு இல்ல சார். புதுசு! பெட்டியே பிரிக்கல!”

“எங்களைப் பொறுத்த வரைக்கும் உள்ளே வந்தாச்சுன்னா கழிவுதான் மேடம். இன்னைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு ஊர்ல இருக்கற அத்தனை ஆன்லைன் கடையும் தப்பா ஒட்டிட்டோம்னு வரும்.”

“நான் உங்க சங்கத்துல இருக்கேன் சார். ஒரு மாசம்கூடத் தவறாம சந்தா கட்டறேன்.”

“அதனாலதான் மேடம், உங்க பொருளை முறைப்படி, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் வராம, இலவசமா அழிச்சுத் தரோம். உங்க வெப்சைட்லகூட நல்லா எழுதியிருக்கீங்களே, எதுவும் சந்தைக்குப் போகாதுன்னு. நாங்க கூட்டத்துல எல்லாருக்கும் காட்டினோம்.”

தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழியை அவள் மகளுக்குப் போன வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மேற்பார்வை அம்மாள் தன்னால் ஆனதைச் செய்தாள். பெல்ட்டை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த இடைவெளியில் நீலக்கடைக்காரி தலைகீழாக நின்று பார்த்தாள். கருவி செய்த தொழிற்சாலைக்குப் பேசினாள். அவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு, வேண்டுமானால் புதிதாக ஆர்டர் போடுங்கள் என்றார்கள். எதைக் கொண்டு போடுவாள்? தான் விற்கும் பெரிய இணையச் சந்தைக்குப் பேசினாள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று ஒரு குரல் சொல்லிவிட்டு இசையைப் போட்டுவிட்டது. ஆர்டர்கள் போய்ச் சேராத கடையைச் சந்தை மூடிவிடும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. நாளைக்கு நீலக்கடை இருக்காது. பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல், அவள் வாய்விட்டு அழுதாள். பேட்டரி பிடுங்கும் பெண்கள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மணி அடித்தது. பெல்ட் நகர ஆரம்பித்தது. மேல் வரிசைப் பெட்டிகளை இரண்டு பேர் தூக்கித் தூக்கி வைத்தார்கள். முதல் பெட்டி மேலே போய் விழுந்தபோது வந்த சத்தத்தை அவள் கேட்டாள். சத்தமே போடாத கருவி என்று சொல்லித்தான் அவள் அதை விற்றாள்.

அப்போது கைபேசி மறுபடி அடித்தது. அந்த இளம் தாய். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? திருப்பிக் கவிழ்த்தவளின் கண்ணில் பச்சைப் பொட்டு பட்டது.

உள்ளே ஒரு பொட்டு போனால் வெளியே ஒரு பொட்டு வர வேண்டும். அவ்வளவுதானே கணக்கு?

நகத்தால் ஓரத்தை நெம்பினாள். பொட்டு கிழியாமல் வந்தது. திறந்து கிடந்த பெட்டியிலிருந்து நீலக் கருவியை எடுத்து, அதன் அடியில் பொட்டை ஒட்டி, பையில் போட்டுக்கொண்டாள். கைபேசியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, தானே தூக்கிப் பெல்ட்டில் வைத்தாள். வாங்கியவர்களின் எண்கள், வாடிக்கையாளர் எழுதிய வாழ்த்துகள், மகளின் படங்கள், கடையின் கணக்கு, எல்லாம் அதற்குள்தான். பெட்டி மேலே ஏறும்போது உள்ளே மறுபடி மணி அடித்தது. பாதி வழிவரை அடித்துக்கொண்டே போனது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வாசலில் காவலாளி பையைத் திறந்தார். “இது போன் இல்லையேம்மா.”

அவள் கருவியைப் புரட்டி அடியில் இருந்த பொட்டைக் காட்டினாள். பின்னாலிருந்து குரல் வந்தது. கொண்டையில் பேனாவோடு மேற்பார்வை அம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

“பொட்டு இருக்கா, இல்லையா?”

“இருக்கு மேடம்.”

“உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. அப்புறம் என்ன பேச்சு? விடு.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சை கேட் வீட்டு மாடியில், குழந்தை கருவியைப் பார்த்து அழவில்லை. நீல மூடியைக் கையால் தட்டிப் பார்த்தது. புகை போகப் போக அதன் விலா எலும்புகள் அடங்கின. “நீங்க தெய்வம் மாதிரி வந்தீங்கக்கா,” என்றாள் அந்த இளம் தாய். தெய்வம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மற்ற வீடுகளை நினைத்துக்கொண்டே படி இறங்கியது.

மறுநாள் கடை மூடப்பட்டது. மூடியது யார் என்றால் யாருமில்லை. இருந்த பக்கம் இல்லை, அவ்வளவுதான். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பிப் போனது. பழிச்சொல் மட்டும் அவள் பங்கு.

“சரக்கு அத்தனையும் போயிடுச்சு மாமா. புதுசு வர வரைக்கும் கடைக்கு லீவு,” என்றாள் வீட்டில்.

“அத்தனையுமா! ஒரே மூச்சுல?” மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம கைராசி அப்படிம்மா. அந்தக் காலத்துலயே என் பஸ் காலியா ஓடினதில்ல.”

கணவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். கப்பலிலிருந்து அவன், “அப்பாகிட்ட சொல்லிடாத,” என்றான். அவள் பெரிய நிறுவனம் ஒன்றின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். திரும்பி வரும் பெட்டிகளைப் பிரிக்கும் வேலை. மாமனாரிடம் மொத்த வியாபாரம் பேசப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்புவாள். அவர் தினமும் மேசையைத் துடைத்து, டேப்பின் நுனியை மடித்து வைத்துவிட்டுச் சரக்குக்காகக் காத்திருந்தார்.

சில மாதம் கழித்துக் கூரியர்காரர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். சங்கத்திலிருந்து. பிரித்தால், கேடயம். ‘மின் கழிவுகளை மிக அதிக எடையில் திருப்பி அளித்த சிறந்த சிறு இணையக் கடை’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. கூட ஒரு அட்டை: இந்தக் கேடயமே நம் ஆலையில் அரைத்த பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்யப்பட்டது.

கடை போன விஷயம் சங்கத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சாம்பல் நிறப் பரப்பு முழுக்க, அரையும் குறையுமாக உருகி, வான நீலச் சில்லுகள் சிதறியிருந்தன. சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அதற்குள் மாமனார் தட்டுத் தடுமாறி வந்து வாங்கிக்கொண்டார். விரலால் எழுத்துகளைத் தடவினார். அவள் படித்துச் சொன்னாள்.

“என் சர்வீஸ் முழுக்க ஒரு மெடல் குடுக்கலம்மா எனக்கு.” கேடயத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “புள்ளி புள்ளியா ஏதோ மின்னுது. என்ன கலரும்மா?”

“நீலம் மாமா.”

“நம்ம நீலமா?”

“நம்ம நீலம்தான்.”

“பாத்தியா! நம்ம கலர்லயே செஞ்சு அனுப்பியிருக்கான். மதிக்கத் தெரிஞ்சவன்.” அவரே ஆணியும் சுத்தியலும் தேடி எடுத்து, மேசைக்கு மேலே சுவரைத் தடவி இடம் பார்த்து அடித்தார். கேடயத்தை மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து, தெரியாத கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

“நேரா இருக்காம்மா?”

“நேரா இருக்கு மாமா,” என்றாள்.